செட்டிநாட்டு வானில் மோதும் விண்மீன் காற்றுகள்: காமா வேலோரத்தில் தொடங்கும் முழுமையான வழிகாட்டி

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு ராட்சத விண்மீன்களின் காற்றுகள் மோதிக்கொள்ளும் இடத்தை வீட்டுத் தொலைநோக்கி எதிலும் கண்ணால் பார்க்க முடியாது. எவ்வளவு பெரிய தொலைநோக்கியாக இருந்தாலும் நமக்கு ஒரே புள்ளிதான் தெரியும். அந்தப் புள்ளியின் ஒளியைப் பிரித்து நிறமாலையாக விரித்தால், மோதலின் தடம் அதில் இருக்கும். அந்தத் தடமும் நாளுக்கு நாள் மாறும். அதனால் இதில் அழகான படம் எடுப்பதைவிட, தேதி பார்த்துக் கணக்கு வைப்பதுதான் பெரிய வேலை. தொடங்கும்போதே ஒரு பேரேடு வாங்கிவிடுங்கள். இந்த ஊரில் அதற்குப் பஞ்சமில்லை.

இன்னொன்று, இந்த வேலைக்கு இடம் மிக முக்கியம். காரைக்குடி வட அகலாங்கு 10 பாகையில் இருக்கிறது. தன் பொருளையே பலமான காற்றாக வெளியே வீசும் வகைக்கு வுல்ஃப்-ராயே விண்மீன் என்று பெயர். அதில் நமக்கு மிக அருகில் உள்ளது காமா வேலோரம். லண்டனிலும் பாரிசிலும் அது உதிப்பதே இல்லை. இங்கே தெற்கு வானில் 33 பாகை உயரம் வரை ஏறிவந்து நிற்கிறது. 1871 டிசம்பர் 12-ஆம் தேதி நடந்த முழுச் சூரிய கிரகணத்தைப் பார்க்க, லோரன்சோ ரெஸ்பிகி என்ற வானியலர் ரோமிலிருந்து நம் பக்கத்துப் புதுக்கோட்டைக்கு வந்தார். அந்த இந்தியப் பயணத்தில்தான் காமா வேலோரத்தின் நிறமாலையில் பிரகாசமான கோடுகள் இருப்பதையும் கண்டார். ரோமில் அந்த விண்மீன் அடிவானத்தை உரசிக்கொண்டு போய்விடும். 1967-ல் வானியலர்கள் கே.எஸ். கணேஷும் வைணு பாப்புவும் அது ஒன்றையொன்று சுற்றும் இரண்டு விண்மீன்கள் என்ற கணக்கை நேராக்கி, சுற்றுக்காலம் 78.5 நாள் என்று கொடைக்கானல் வானாய்வக வெளியீட்டில் எழுதினார்கள். ஆக, இது தமிழ்நாட்டில் ஏற்கெனவே நடந்த வேலை. புதிதாக வந்திருப்பது மலிவான கருவி மட்டும்தான்.

எதைத் தேடுகிறோம்

சூரியனிலிருந்தும் காற்று வீசுகிறது, ஆனால் அது மிக மெலிது. வுல்ஃப்-ராயே வகை விண்மீன் சூரியனைவிட நூறு கோடி மடங்கு அளவில் தன் பொருளை வெளியே வீசுகிறது. ஏறக்குறைய ஒரு லட்சம் ஆண்டில் ஒரு சூரியன் எடை காலி. வேகம் நொடிக்கு 1,000 முதல் 3,000 கிலோமீட்டர். அந்தக் காற்றே ஒளிர்வதால்தான் அதன் நிறமாலையில் இருண்ட கோடுகளுக்குப் பதில் அகலமான, பிரகாசமான மேடுகள் தெரிகின்றன. 1867-ல் பாரிசில் சார்ல் வுல்ஃப், ஜார்ஜ் ராயே இருவரும் சிக்னஸ் மண்டலத்தில் இப்படி மூன்று விண்மீன்களை முதலில் கண்டார்கள்.

இப்படிப்பட்ட ஒன்றுக்குப் பக்கத்தில் மிகச் சூடான ஓ வகை விண்மீன் ஒன்று சுற்றினால் அதற்கும் பலமான காற்று உண்டு. இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றை வேகமாகவும் மற்றதை மெதுவாகவும் ஓடவிட்டால், காற்றுகள் முட்டும் இடம் மெதுவான விசிறியின் பக்கம் ஒதுங்கும். இங்கேயும் அப்படித்தான். மோதும் தளம் காற்று குறைந்த விண்மீனின் பக்கம் வளைந்து, அதைக் கூம்பு போல மூடிக்கொள்கிறது. மோதும் இடத்தில் வாயு கோடிப் பாகை அளவுக்குச் சூடாகி எக்ஸ் கதிர் விடும். இப்படி நடக்கும் என்று 1976-லேயே சோவியத் வானியலர்கள் கணித்துவிட்டார்கள்.

காமா வேலோரத்தில் வுல்ஃப்-ராயேயின் எடை சுமார் 9 சூரியன், ஓ விண்மீனின் எடை சுமார் 28 சூரியன். எடை குறைந்ததுதான் காற்றில் பலசாலி. ஆகவே கூம்பு ஓ விண்மீனைச் சுற்றி வளைந்திருக்கும். சுற்றுப்பாதை நீள்வட்டம், இரண்டுக்கும் இடைவெளி சராசரியாகப் பூமி-சூரியன் தூரத்தைவிடச் சற்றே அதிகம். ஓ விண்மீன் நம் பக்கம் வரும் சில நாட்களில் அந்தக் கூம்பின் வாய் நம்மை நோக்கித் திறக்கிறது. உள்ளே உள்ள எக்ஸ் கதிர் ஜன்னல் திறந்தாற்போல் வெளியே தெரிகிறது. 1990-களில் ரோசாட் செயற்கைக்கோள் இதைப் பதிவுசெய்தது. நமக்கு எக்ஸ் கதிர் கிடைக்காது, பூமியின் காற்று மண்டலம் விடாது. ஆனால் அதே கூம்பில் குளிர்ந்து வழியும் வாயு சாதாரண ஒளியிலும் கொஞ்சம் உமிழ்கிறது. கூம்பு சுற்றச் சுற்ற அந்த உமிழ்வு நிறமாலையில் நீலப் பக்கமும் சிவப்புப் பக்கமும் நகரும். நாம் துரத்துவது அதைத்தான்.

எந்த விண்மீனை எடுப்பது

பட்டியல் நீளம். என் பரிந்துரை மூன்றே மூன்று, அதிலும் முதல் ஆண்டுக்கு ஒன்றே போதும்.

காமா வேலோரம்: 1.8 பருமன் (பருமன் என்பது பிரகாசத்தின் அளவு, எண் குறையக் குறையப் பிரகாசம் கூடும்), நகரத்திலிருந்தும் தெரியும். சுற்றுக்காலம் 78.5 நாள் என்பதால் டிசம்பர் கடைசியிலிருந்து மே வரை நீளும் பருவத்தில் ஏறக்குறைய இரண்டு சுற்று கிடைத்துவிடும். இதுதான் தொடக்கம்.

எட்டா கரினே: 4 பருமன் அளவு, இங்கே 20 பாகை உயரம்தான் ஏறும். சுற்றுக்காலம் 5.54 ஆண்டு. இதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

சிக்னஸில் உள்ள டபிள்யூஆர் 140: 7 பருமன், சுற்றுக்காலம் 7.93 ஆண்டு. இரண்டும் நெருங்கும் ஒவ்வொரு முறையும் தூசிப் படலம் ஒன்றை வெளியே விடுகிறது. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் படத்தில் அந்தப் படலங்கள் 17-க்கும் குறையாமல் அடுக்கடுக்காகத் தெரிகின்றன. கடைசியாக 2024 நவம்பரில் நெருங்கியது. அடுத்தது 2032 அக்டோபர் இறுதி. நம் ஊரில் அது வடகிழக்குப் பருவமழை நேரம். இதை நம்பிக் கருவி வாங்க வேண்டாம்.

ஓரியனில் உள்ள அயோட்டாவையும் பலர் சொல்வார்கள். 29 நாள் சுற்றுக்காலம், தலைக்கு மேலே நல்ல உயரம், 2.8 பருமன். எல்லாம் சரி, ஆனால் அதில் மாற்றம் தெரிய உயர்ந்த பிரிதிறன் உள்ள, அதாவது நெருங்கிய அலைநீளங்களையும் பிரித்துக் காட்டும் நிறமாலைமானி வேண்டும். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

இடமும் நேரமும்

செட்டிநாட்டு வீட்டு வளவில் நின்று பார்க்க ஆசையாக இருக்கும். வேண்டாம். நான்கு பக்கமும் கூரை, தலைக்கு மேலே ஒரு சதுர வானம் மட்டும்தான் கிடைக்கும். மொட்டை மாடி சரி, ஆனால் தெற்குக் கைப்பிடிச் சுவரில் சுதைச் சிற்பமும் கோபுரமும் நிற்கின்றனவா என்று பகலிலேயே பார்த்துவிடுங்கள். சுண்ணாம்புத் தளம் பகல் சூட்டை இரவு 10 மணி வரைக்கும் கக்கும், விண்மீன் நடுங்கும். பூட்டிக் கிடக்கிற பெரிய வீட்டின் மாடி என்றால், காவல் பார்க்கிற அண்ணனிடம் முதல் நாளே சொல்லி வைப்பது மரியாதை. திருடன் என்று கூட்டம் கூடாமலும் இருக்கும்.

நமக்கு வேண்டியது தெற்கு அடிவானம். எனவே காரைக்குடி வெளிச்சம் உங்களுக்கு வடக்கே இருக்க வேண்டும். கானாடுகாத்தான், திருமயம் பக்கம் போனால் வானம் இருட்டுதான், ஆனால் காரைக்குடி வெளிச்சம் நேராகத் தெற்கில் நிற்கும். காமா வேலோரத்துக்குப் பரவாயில்லை, எட்டா கரினேக்குப் பாழ். கல்லல், காளையார்கோவில் பக்கத்துக் கண்மாய்க் கரைகள் நல்ல இடம். கரையில் ஏறி நின்றால் தெற்கே வயல் திறந்து கிடக்கும். நீண்ட பூட்ஸ் அவசியம். விரியன் நடமாடும் இடம். ஊர்க்காரர்கள் வந்து விசாரிப்பார்கள். ஒரு சின்னத் தொலைநோக்கியில் வியாழனைக் காட்டிவிடுங்கள், அப்புறம் அவர்களே டீ வாங்கி வருவார்கள். மாசி, பங்குனியில் திருவிழாச் சீரியல் விளக்குகள் எந்த ஊரில் எப்போது என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

காமா வேலோரம் உச்சம் கடக்கும் நேரம்: பிப்ரவரி தொடக்கத்தில் இரவு 11.40, மார்ச் தொடக்கத்தில் 9.50, மார்ச் பாதியில் 9 மணி. உச்சத்துக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரத்துக்குள் வேலையை முடியுங்கள். நிலவு வேலையைக் கெடுக்காது. இவ்வளவு பிரகாசமான விண்மீனுக்குப் பௌர்ணமியும் சரிதான். கெடுப்பது பனி. தை மாதத்தில் லென்ஸ் அரை மணியில் மங்கிவிடும். லென்ஸைச் சுற்றி அட்டையால் நீளமாக ஒரு குழல் செய்து மாட்டுங்கள்.

கண்ணால் பிடிப்பது

தெற்கு நோக்கி நில்லுங்கள். உயரே சிரியஸ், அதற்குக் கீழே அகத்தியர் விண்மீன். அகத்தியருக்கு இடப் பக்கம், கையை நீட்டிப் பிடித்தால் ஏறக்குறைய இரண்டு முட்டி தூரத்தில், சற்றே மேலே தெரியும் பிரகாசமான விண்மீன்தான் காமா வேலோரம். அதற்கு நேர் மேலே 7 பாகையில் ஜீட்டா பப்பிஸ். இதுவும் ஓ வகை ராட்சதம்தான், ஆனால் பக்கத்தில் சுற்றும் துணை இல்லை. ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட நல்ல அண்டை வீடு கிடையாது.

பைனாகுலரில் பார்த்தால் காமா வேலோரம் இரண்டாகப் பிரியும்: ஒன்று பிரகாசம், 41 விகலை (ஒரு பாகையில் 3,600 விகலை) தள்ளி 4.2 பருமனில் இன்னொன்று. இதைப் பார்த்துவிட்டு மோதும் ஜோடியைக் கண்டுவிட்டதாகக் குதிக்க வேண்டாம். நம் ஜோடி இரண்டும் அந்தப் பிரகாசமான புள்ளிக்குள்ளேயே இருக்கிறது.

கருவி

கேமரா, 85 முதல் 135 மில்லிமீட்டர் வரை ஏதாவது ஒரு லென்ஸ், ஆடாத டிரைபாட், ஒளியை நிறங்களாகப் பிரிக்கும், மில்லிமீட்டருக்கு 100 கோடுள்ள கிரேட்டிங் ஒன்று. ஸ்டார் அனலைசர் 100 என்ற பெயரில் கிடைப்பதைத்தான் உலகம் முழுக்கத் தொடக்கக்காரர்கள் வைத்திருக்கிறார்கள். ஒன்றேகால் அங்குல ஃபில்டர் அளவில் வரும், லென்ஸின் முன்னால் அடாப்டர் வளையம் போட்டு மாட்டலாம். பள்ளி ஆய்வுக்கூடத்துக்கு விற்கும் பிளாஸ்டிக் கிரேட்டிங் தாளில் தெரு விளக்கைப் பார்த்துப் பழகலாம்; விண்மீனுக்கு அது ஒளியை வீணாக்கும்.

100 மில்லிமீட்டர் லென்ஸில் இந்தக் கிரேட்டிங், விண்மீனின் புள்ளிக்கும் 500 நானோமீட்டர் பச்சைக்கும் இடையே 5 மில்லிமீட்டர் இடைவெளி தரும். பிக்சல் அளவு 4 மைக்ரான் என்றால் ஒரு பிக்சலுக்கு 0.4 நானோமீட்டர். புள்ளியும் நிறமாலையும் ஒரே படத்தில் அடங்கும், அது மிகவும் வசதி. கிரேட்டிங்கின் ஒரு பக்கத்து நிறமாலை மற்றதைவிடப் பிரகாசமாக இருக்கும். அந்தப் பக்கத்தைச் சட்டத்துக்குள் வையுங்கள்.

படம் எடுப்பது

விண்மீனைப் பின்தொடரும் மவுண்ட் இல்லையா? நல்லதே. விண்மீன் உச்சத்தில் இருக்கும்போது அது படத்தில் கிடையாக, கிழக்கிலிருந்து மேற்காக நகரும். கிரேட்டிங்கைத் திருகி நிறமாலை செங்குத்தாக நிற்குமாறு செய்யுங்கள். 10 நொடி திறந்து வைத்தால் மெல்லிய கோடாக இருக்கும் நிறமாலை ஏறக்குறைய 12 பிக்சல் அகலமுள்ள பட்டையாக விரியும். கோடுகள் கண்ணுக்கே தெரியும்.

ஐஎஸ்ஓ 800-ல் தொடங்குங்கள். ரா கோப்பாகவே எடுக்க வேண்டும். ஜேபெக் உங்களைக் கேட்காமலே ஒளியின் அளவை வளைத்துவிடும். ஃபோகஸ் செய்யும்போது விண்மீனின் புள்ளியைப் பார்க்காதீர்கள், நிறமாலையில் உள்ள மேடுகள் கூர்மையாகும் வரை சரிசெய்யுங்கள். ஹிஸ்டோகிராம் வலது சுவரில் இடித்தால் நேரத்தைக் குறையுங்கள், ஏனென்றால் நிறமாலையில் முதலில் நிரம்பி வழிவது நாம் அளக்கப்போகும் மேடுகள்தான். குறைந்தது 20 படம் எடுத்துப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். லென்ஸை மூடி அதே நேர அளவில் சில இருட்டுப் படங்களும் தேவை.

அதே அமைப்பைத் தொடாமல் சிரியஸையும் ஜீட்டா பப்பிஸையும் எடுங்கள். சிரியஸில் ஹைட்ரஜனின் இருண்ட கோடுகள் 434.0, 486.1, 656.3 நானோமீட்டரில் தெளிவாக விழும். அதுதான் உங்கள் அளவுகோல்.

பக்கத்து 4.2 பருமன் விண்மீனின் ஒளி இதில் கலக்கும். பத்தில் ஒரு பங்குதான் என்பதால் தொடக்கத்தில் விட்டுவிடலாம். மவுண்ட் வந்தபிறகு, இரண்டையும் சேர்க்கும் கோட்டுக்குக் குறுக்காக நிறமாலை விழும்படி கிரேட்டிங்கைத் திருப்பினால் இரண்டு பட்டைகளும் தனித்தனியாக நிற்கும்.

கணினியில்

பாஸ் புராஜெக்ட், விஸ்பெக் இரண்டும் இலவசம். காசு கொடுத்தால் ஆர்ஸ்பெக் எளிது. வேலை ஒன்றுதான்: படங்களைச் சேர், பட்டையைக் கோட்டு வரைபடமாக்கு, சிரியஸை வைத்து அலைநீளம் குறி, தொடர்ச்சியான ஒளியை 1 என்று சமன்செய்.

முதல் வரைபடம் வந்ததும் நீலத்தில் 465 நானோமீட்டரில் ஒரு மலை நிற்கும். அது கார்பனும் ஹீலியமும் கலந்தது. மஞ்சளில் இரண்டு: 569.6-ல் இருமுறை அயனியான கார்பன், 581 அருகே மும்முறை அயனியான கார்பன். ஜீட்டா பப்பிஸில் இவ்வளவு பெரிய மேடு எதுவும் இருக்காது. இரண்டு வரைபடத்தையும் ஒன்றன்மேல் ஒன்று போட்டுப் பாருங்கள். மேடுகளின் அகலத்தை அளந்தால் காற்றின் வேகமே வந்துவிடும்: அரை அகலத்தை அலைநீளத்தால் வகுத்து ஒளியின் வேகத்தால் பெருக்குங்கள். 569.6-ல் அரை அகலம் 3 நானோமீட்டர் என்றால் நொடிக்கு சுமார் 1,600 கிலோமீட்டர். கருவியே கொஞ்சம் அகலப்படுத்தும் என்பதால் உங்கள் விடை உண்மையைவிடச் சற்றுக் கூடவே வரும். மாடியில் நின்று இந்த எண்ணை எடுப்பது சாதாரண விஷயமில்லை.

கட்டக் கணக்கு

பேரேடு வேலை இங்கேதான். ஒவ்வொரு இரவுக்கும் தேதி, உலக நேரம், ஜூலியன் நாள் (வானியலர்கள் நாட்களை விடாமல் எண்ணிவரும் எண்) எழுதுங்கள். இந்திய நேரத்திலிருந்து 5.30 மணியைக் கழித்தால் உலக நேரம். பிறகு கட்டம், அதாவது ஜோடி தன் சுற்றில் எந்த இடத்தில் இருக்கிறது என்பது: ஜூலியன் நாளிலிருந்து 2450120 கழித்து, 78.53-ஆல் வகுத்து, முழு எண்ணை விட்டுவிட்டுத் தசமத்தை மட்டும் எடுங்கள். அந்த 2450120, இரண்டும் மிக நெருங்கியிருந்த 1996 பிப்ரவரித் தொடக்க நாள்.

2027 மார்ச் 1 இரவு 9 மணிக்குப் பார்க்கிறீர்கள் என்று வையுங்கள். ஜூலியன் நாள் 2461466.15. கழித்தால் 11346.15, வகுத்தால் 144.48. கட்டம் 0.48, அதாவது இரண்டும் மிக விலகியிருக்கும் நேரத்துக்கு அருகில். கட்டம் 0-க்கு அருகில் இரண்டும் நெருங்கி, வேகம் கூடிச் சுற்றும். அந்த இரண்டு வாரம் வானம் தெளிந்தால் ஒரு இரவையும் விடாதீர்கள். மற்ற நேரம் வாரம் ஒரு இரவு போதும்.

ஸ்டார் அனலைசர் எதைக் காட்டாது

கிரேட்டிங் மட்டும் வைத்து மோதல் தளம் நகர்வதைப் பார்த்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மேடுகள் தெரியும், அகலம் தெரியும், அவ்வளவுதான். 569.6 கோட்டின் உச்சி தட்டையானது. அந்தத் தட்டை உச்சியின் மேல் ஒட்டும் சின்னப் புடைப்புதான் மோதல் தளத்தின் கையெழுத்து. கட்டத்துக்குக் கட்டம் அது இடம் மாறுவதைப் பார்க்கப் பிளவுள்ள (ஒளியை மெல்லிய பிளவு வழியாக உள்ளே விடும்) நிறமாலைமானி வேண்டும். ஆல்பி 600 போன்ற கருவியில் கோட்டின் வடிவம் ஓரளவு வரும், பிரிதிறன் சில ஆயிரம் இருந்தால் நிம்மதி. விலை லட்சங்களில் போகும். தனி ஆளாக வாங்குவதைவிட ஒரு கல்லூரி இயற்பியல் துறையோ வானியல் மன்றமோ சேர்ந்து வாங்குவது புத்திசாலித்தனம்.

அந்த அளவுக்கு வந்துவிட்டால் உங்கள் தரவு விளையாட்டில்லை. 2017-ல் காமா வேலோரம் பற்றி வெளியான ஆய்வில், பிரைட் செயற்கைக்கோள்களின் ஒளியளவோடு தென்கோளத்து அமெச்சூர் வானியலர்கள் எடுத்த நிறமாலைகளும் சேர்ந்தே முடிவைத் தந்தன. டபிள்யூஆர் 140-ன் 2009 நெருக்கத்தின்போது டெனரீஃப் தீவில் தொலைநோக்கியை இரவிரவாக முறைபோட்டு இயக்கியவர்களிலும் அமெச்சூர்கள் இருந்தார்கள்.

எட்டா கரினே: 2031 மார்ச்

1840-களில் வெடித்துச் சிதறி, 1843-ல் சிரியஸுக்கு அடுத்த இடம் வரை பிரகாசித்த விண்மீன் இது. ஐந்தரை ஆண்டுக்கு ஒருமுறை இதன் நிறமாலை மாறி மீள்கிறது என்று பிரேசிலின் அகஸ்டோ டாமினெலி 1996-ல் காட்டினார். உள்ளே இரண்டு விண்மீன்கள். மிக நீண்ட நீள்வட்டப் பாதை. நெருங்கும்போது ஒன்றின் அடர்ந்த காற்றுக்குள் மற்றது புகுந்து மறைகிறது, எக்ஸ் கதிர் அப்படியே விழுந்துவிடுகிறது. ஒளி நிறமாலையில் 468.6 நானோமீட்டர் ஹீலியம் கோடு அதற்குச் சற்று முன்பு எழும்பிப் பிறகு காணாமல் போகும்.

2020 பிப்ரவரியில் நெருங்கியது. அடுத்து 2025 ஆகஸ்ட் இறுதியில். அப்போது அது சூரியனோடு சேர்ந்தே எழுந்து மறைந்ததால் நம் ஊருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அதற்கடுத்தது 2031 மார்ச் நடுவில். மார்ச் நடுவில் எட்டா கரினே இங்கே உச்சம் கடப்பது இரவு 11.40. மழையில்லாத மாதம், நடு இரவில் தெற்கே நேராக. இப்படி ஒரு வாய்ப்பு அடிக்கடி அமையாது.

அதுவரை செய்ய வேண்டியது அதிகமில்லை. தெற்குச் சிலுவைக்கும், அதற்கு வலப்புறம் உள்ள போலிச் சிலுவைக்கும் நடுவே, கரினா நெபுலாவின் மங்கலான ஒளிக்குள் ஆரஞ்சு நிறமாக ஒரு புள்ளியைப் பைனாகுலரில் பிடியுங்கள். பக்கத்து விண்மீன்களோடு ஒப்பிட்டு அதன் பருமனை மதிப்பிடுங்கள். ஒப்பீட்டு வரைபடங்கள் அமெரிக்க மாறுவிண்மீன் நோக்கர் சங்கமான ஆவ்சோவில் இலவசமாகக் கிடைக்கும். உங்கள் மதிப்பீட்டை அங்கேயே பதிவுசெய்யலாம், நிறமாலைக்கும் தனித் தரவகம் வைத்திருக்கிறார்கள். ஒரு கிரேட்டிங்கும் சிறு தொலைநோக்கியும் இருந்தால் 656.3-ல் ஹைட்ரஜன் கோடு முள் போல எழுந்து நிற்பது இப்போதே தெரியும். பருவத்துக்கு நான்கு நல்ல நிறமாலை என்று எடுத்து வையுங்கள். 2031-ல் மாற்றம் வரும்போது, எதிலிருந்து மாறியது என்று காட்ட அவை வேண்டும். 468.6 கோட்டுக்குப் பிளவுள்ள கருவி தேவைப்படும், அதற்கான பணத்தையும் ஆட்களையும் 2030 பருவத்துக்குள் சேர்த்துவிடுங்கள். புதுக் கருவியைப் பழக ஒரு முழுப் பருவம் போய்விடும்.